ட்ராக்டர் சத்தத்தைத் திரும்பப் போடுங்கள்

தம்பிமாருக்கு,

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்படிப்பட்டவன் இந்த மன்னார்த் தீவில் என்னென்ன செய்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, 'இந்தக் கிழவர் யார் எங்களுக்குப் புத்தி சொல்ல' என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்காது.

பழுதாய்ப்போன இரண்டு றேடியோக்களைப் பிரித்து ஒரு அம்ப்ளிஃபயர் செய்தேன். அதைப் பலகைப் பெட்டியில் அடைத்து, சைக்கிள் கரியரில் கட்டி, மணலில் தள்ளிக்கொண்டு போய் முதல் கலியாண வீட்டுக்குப் பாட்டுப் போட்டேன். சண்டை வந்தது, எல்லாம் எரிந்தது. இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்கு, வள்ளத்தில் போனபோது என்னிடம் மிஞ்சியது ஒரு மைக்கும் ஒரு திருப்புளியும். திரும்பி வந்தபோதும் அதே மைக், அதே திருப்புளி. அந்த இரண்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். பேசாலையில் மாதா கோயில் பெருநாள், திருக்கேதீஸ்வரத்தில் சிவராத்திரி, எருக்கலம்பிட்டியில் மீலாத் விழா, மூன்றுக்கும் ஒரே ஒலிபெருக்கிக்காரன் நான்தான். ஏணி எட்டாத உயரத்தில் ஹோர்ன் குழாய் கட்ட, இடுப்பில் கயிற்றோடு ஏறியவன் நான். மின்சாரம் இல்லாத கரைகளுக்கு ஜெனரேற்றரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். இன்று நீங்கள் லொறியில் ஏற்றி இறக்குகிற பெரிய கறுப்புப் பெட்டிகளை இந்தத் தீவுக்கு முதலில் கொண்டுவந்தவனும் நான்தான். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு.

இப்போது இடது காது போய்விட்டது. வலது காதில் எந்நேரமும் ஒரு சீழ்க்கை. முழங்கால் மேடைப் படியைக் கண்டாலே மறுக்கிறது. வாயால் சொல்லிக் களைத்துப்போய்த்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தியிருக்கிறாள். மற்றப் பிழைகளைத் திருத்த நான் அவளை விடவில்லை.

உங்கள் ஒலிபெருக்கிக்காரர் சங்கத்து மலருக்குப் பணி அனுபவம் கேட்டீர்கள். எந்த வயரை எதில் செருகுவது என்பதை நீங்கள் கைத்தொலைபேசியில் பார்த்தே படித்துவிடுகிறீர்கள். அதை விடுகிறேன். நான் எழுதப்போவது ஒரு பாட்டுக்காரியைப் பற்றி. போன மாதம் உங்களில் மூன்று பேர் அவளுடைய ஒரு பாட்டைத் 'துப்புரவாக்கி' இணையத்தில் வெளியிட்டீர்கள். அது அவள் கடைசியாகப் பாடிய பாட்டு. அந்தப் பாட்டு இருந்தபடி திரும்பி வரவேண்டும். இந்தக் கடதாசியெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் என் குரு. பெயர் போடக் கூடாது என்பது அவருடைய கட்டளை. தலைமன்னார்ப் பியரில், கப்பல் துறையடியில், றேடியோ திருத்துகிறவர். நான் அவருடைய கடை வாசலில் போய் நின்றால் துரத்தமாட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த படிப்பு. ஒருநாள் கேட்காமலே சொன்னார்:

"டேய், கோயிலுக்குள்ள இருக்கிறவனுக்குச் சுவாமியின்ர பிரசங்கம் சும்மாவே கேக்கும். நீ போடுறது கடல்ல நிக்கிறவனுக்கு."

அதனால்தான் எங்கள் கரையில் ஹோர்னின் வாயைக் கடலுக்குத் திருப்பிக் கட்டுகிறோம். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஆட்கள் முற்றத்தில் இருக்க, சத்தம் கடலுக்குப் போகிறதே என்பார்கள். பெருநாளுக்கு முந்திய ஒன்பது நவநாட்களிலும் தொழிலுக்குப் போனவன் வள்ளத்தில் நின்றபடியே செபத்துக்குப் பதில் சொல்லுவான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்படியொரு நவநாள் பின்னேரம் வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரைக்கு அருகில் ஏழு வள்ளங்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தன. முதுகுப்புறம் வருகிற மழையை அவர்கள் காணவில்லை. பெண்கள் கரையில் நின்று கத்தினார்கள், காற்று அந்தச் சத்தத்தைப் பிடுங்கி எங்கேயோ எறிந்தது. நான் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி, மைக்கைப் பிடித்து, குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன். ஒவ்வொரு வள்ளத்தையும் அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "வலையை வெட்டிப்போட்டு வா, வலையை வெட்டு!" அம்ப்ளிஃபயருக்குள் இருந்து புகை வந்தது. கையை எடுக்கவில்லை. ஏழு வள்ளங்களும் திரும்பின. கடைசி வள்ளம் மணலைத் தொட்டபோது என் பெட்டி செத்துப்போயிருந்தது.

மறுநாள் குரு வந்து அந்தப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தார். "கருகினாலும் நல்லதுக்குக் கருகியிருக்கு" என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒருதரம்தான்.

அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கூடினால் ஆள் பிழைக்கும். சத்தம்தான் என் தொழில். அதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். பிலோமினா மேடை ஏறும் வரைக்கும் ஒரு பிழையும் இல்லை.

பிலோமினா பேசாலைக்காரி. இளவயதில் கொழும்பில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தாள். வேலை முடிந்து மாலையில் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழுவோடு பாடுவாள். ஆங்கிலப் பொப் பாட்டு, பழைய ஜாஸ் பாட்டு, இடையில் தானே கட்டிய தமிழ்ப் பாட்டு ஒன்றிரண்டு. பிறகு தாய் பாரிசவாதத்தில் விழ, வேலையை விட்டு ஊருக்கு வந்து தையல் மெசினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். ஊர் அவளிடம் முதல் நன்மைச் சட்டை தைத்தது, பள்ளிக்கூடச் சட்டை தைத்தது. பாட்டுக் கேட்கவில்லை. எங்களுக்குப் பாட்டுக்காரி என்றால் கழுத்து நரம்பு புடைக்க உச்சத்தில் நின்று பிடிக்க வேண்டும். இவளோ அடிக்குரலில், பக்கத்துக் கதிரையில் இருக்கிறவருக்கு ஏதோ சொல்வது போலப் பாடுவாள்.

சமாதான காலம் என்று சொன்னோமே, அந்த நாட்களில் தீவில் ஒரு கோயில் பெருநாள். எந்தக் கோயில் என்று எழுதினால் சண்டை வரும். பின்னேரம் ஐந்து மணிக்குக் கலை நிகழ்ச்சி. ஊர்ப் பிள்ளைகளின் வாத்தியக் குழு மேளம், கீபோர்ட் எல்லாம் வைத்திருந்தது. அவர்களோடு இரண்டு பாட்டுப் பாட பிலோமினாவைக் கூட்டிவந்தவர் அருளப்பு மாஸ்ரர். கணக்கு வாத்தியார், நன்றாகக் கிற்றார் வாசிப்பவர், வாய் மட்டும் கொஞ்சம் கூர்.

பிலோமினா மைக்குக்கு மிகக் கிட்ட வந்து நின்றாள். பாடத் தொடங்கினாள். மேளம் ஒரு இடத்தில் விழுகிறது, இவள் சொல் கொஞ்சம் பிந்தி விழுகிறது. அடுத்த வரியிலும் அப்படித்தான். இவளுக்கு மேளம் கேட்கவில்லை என்று நினைத்தேன். பாடுகிறவருக்குக் கேட்பதற்காகக் காலடியில் ஒரு பெட்டி வைப்போமல்லவா, அதில் மேளத்தைக் கூட்டினேன். அவள் பாடிக்கொண்டே அந்தப் பெட்டியைக் காலால் தள்ளித் திருப்பிவிட்டாள். கொழும்புத் தலைக்கனம் என்று நினைத்து இன்னும் கூட்டினேன். குரல் கடல் பக்கம் போகவில்லையே என்று ஹோர்னையும் கூட்டினேன். மைக் 'கீ' என்று கத்தியது. அதை மூடி மறைக்க எக்கோவைப் போட்டேன். ஏற்கெனவே பிந்தி வருகிற சொல், இப்போது மூன்று தரம் பிந்தி வந்தது.

முற்றத்தில் ஒருவன் எழும்பிக் கூவினான்: "அக்கோய்! மேளம் பஸ் ஏறிப் போயிட்டுது, ஓடி வாங்கோ!"

முற்றம் முழுக்கச் சிரிப்பு.

மாஸ்ரர் கிற்றாரை நிறுத்தாமல் என்னைப் பார்த்துக் கத்தினார்: "சத்தத்தைக் குறையும் ஐசே!"

"குறைச்சால் கடல் பக்கம் கேக்காது மாஸ்ரர்!"

"பெருநாளண்டு கடல்ல ஆர் ஐசே இருக்கினம்? எல்லாரும் இங்கதானே இருக்கினம்!"

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன். விளங்கியது. குமிழில் இருந்த கை கேட்கவில்லை. அது புகை வந்தபோதும் எடுக்காத கை அல்லவா.

பிலோமினா இரண்டாவது பாட்டையும் முடித்தாள். பாதியில் விட்டுவிட்டு ஓடவில்லை. மைக்கை அதன் காலில் திருப்பி வைத்து, "நன்றி" என்று சொல்லி இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு தீவில் எந்த மேடையிலும் அவள் ஏறவில்லை. அடுத்த நாள் தேநீர்க் கடையில் கேட்டார்கள், "என்னண்ணை, நேற்று உங்கட மைக்குக்கு என்ன வருத்தம்?" என்று. "மைக்குக்கு ஒண்டுமில்லை. அந்தப் பிள்ளைக்குக் குரல் போதாது, தாளமும் இல்லை" என்று சொன்னேன். ஒலிபெருக்கிக்காரன் சொன்னால் ஊர் நம்பும். நான் சொன்னது ஹோர்ன் இல்லாமலே தீவு முழுக்கப் போனது.

ஒரு கிழமை கழித்து மாஸ்ரர் என் வான் வண்டிக்குள் ஒரு கசற்றை எறிந்துவிட்டுப் போனார். கொழும்பு ஹோட்டலில் அவள் பாடியது. ஏதோ மலிவுப் பெட்டியில் எடுத்த பதிவு, பாட்டுக்கு இடையில் கரண்டிச் சத்தமும் கேட்கும். மன்னார்ப் பாலத்தால் வரும்போது போட்டேன். இதிலும் பிந்திப் பிந்தித்தான் வருகிறாள். வானை ஓரமாக நிறுத்தி, கசற் பெட்டியைக் கழற்றி, அதில் நாடா உரசுகிற தலையைச் சேர்ட் நுனியால் துடைத்தேன். மறுபடி போட்டேன். அப்படியேதான். நாடா இழுக்கிறது என்று நினைத்து வேறொரு கசற்றைப் போட்டுப் பார்த்தேன். அது சரியாக ஓடியது. அதாவது என் பெட்டி சரி. அவளும் தெரிந்துதான் பிந்துகிறாள். ஆனால் ஏன்?

அது விளங்க எனக்குப் பாட்டு உதவவில்லை. ஓலைத்தொடுவாயில் ஒரு வீட்டுக்கு வயர் இழுக்கப் போயிருந்தேன். சோளகக் காற்று, கரையில் அலை. ஒரு மனிசி சாப்பாட்டுப் பார்சலோடு வள்ளத்தில் ஏறுவதற்காக நின்றாள். வெளியூரில் இருந்து வந்த மருமகனும் பக்கத்தில். அலை வந்து வள்ளத்தைத் தூக்கியது. மருமகன் அலையோடு சேர்ந்து காலை வைத்தான், வைத்தவன் தண்ணீருக்குள். மனிசி அசையவில்லை. அலை தூக்கியது, தாழ்த்தியது, தாழ்ந்துகொண்டிருக்கிற அந்தக் கணத்தில் ஒரு அவசரமும் இல்லாமல் உள்ளே காலை வைத்து நின்றாள். கைப் பார்சல் ஆடவில்லை. "அலை வரேக்க ஏறக் கூடாது தம்பி. அது போகட்டும், பிறகு ஏறும்" என்று நனைந்தவனுக்குச் சொன்னாள்.

நான் வயரைக் கீழே போட்டுவிட்டு வானுக்குள் போய் அந்தக் கசற்றைப் போட்டேன். தம்பிமாரே, மேளம் அலை. பிலோமினா அந்த மனிசி. மேளம் தூக்கிவிட்டுத் தாழும்போது சொல்லை வைக்கிறாள். அதனால்தான் அவள் சொல் எதுவும் தளம்பவில்லை. ஒரு சோகமான வரியை அவள் அழுது பாடமாட்டாள். அழுது முடித்து, முகம் கழுவி, தேத்தண்ணி போட்டுவிட்டு வந்து சொல்வது போலப் பாடுவாள். அழுகிற வேலையை எங்களிடம் விட்டுவிடுவாள். சில இடங்களில் வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமலே விடுவாள். அந்தச் சொல் கேட்கிறவன் வாயில் வந்து நிற்கும். உச்சத்துக்குப் போகத் தெரியாததல்ல. கசற்றில் ஒரே ஒரு இடத்தில் போகிறாள், போய், 'இங்கே என்ன இருக்கிறது' என்பது போலப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறாள். இது என் தீவில், என் மைக்குக்கு முன்னால் நின்றது. நான் அதற்கு எக்கோ போட்டேன்.

மன்னிப்புக் கேட்டேனா என்று மகள் கேட்கிறாள். கேட்கவில்லை. சட்டை தைக்கக் கொடுக்கப் போவேன். அளவு எடுப்பாள், வருவேன். கசற்றைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்தேன். பலருக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு அண்ணை, கொஞ்சம் சத்தமாப் பாடியிருக்கலாம்" என்றார்கள். அந்தக் காதுகளைப் பழக்கியவனும் நான்தான்.

இப்படியே பல வருடம் போனது. நாலு வருடத்துக்கு முன், நான் தைக்கத் துணி ஒன்றும் கொடுத்திராத ஒரு நாளில், பிலோமினா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட அருளப்பு மாஸ்ரர், ஊன்றுகோலோடு. அவள் கழுத்தில் ஒரு வீக்கம்.

"தொண்டையில கட்டியாம் அண்ணை. கொழும்பில வெட்ட நாள் குடுத்திருக்கினம். வெட்டினாப் பிறகு கதைக்கலாமாம். பாட்டைப் பற்றிக் கேட்டன், டொக்டர் நிலத்தைப் பாத்தார்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"என்ர பாட்டு ஒழுங்கா ஒரு இடத்திலயும் இல்லை. அந்த ஹோட்டல் கசற்றில கரண்டிச் சத்தம்தான் கூட. வெட்ட முதல் ஏழு பாட்டு எடுக்க வேணும். நீங்கள் எடுத்துத் தாறீங்களோ?"

"என்னட்டையோ?" என்றேன். "மன்னார் ரவுனில பெடியள் நல்ல ஸ்ரூடியோ வைச்சிருக்கிறாங்கள்."

"அவங்கள் என்னை இன்னும் பழுதாக்கேல்லை அண்ணை. பழுதாக்கிப் பாக்க எனக்கு நேரமில்லை. நீங்கள் ஒருக்காப் பழுதாக்கினனீங்கள். ரெண்டாந்தரம் செய்யமாட்டீங்கள்."

மாஸ்ரர் சிரித்தார். "பாத்தீரோ, இதுதான் உமக்குக் கிடைச்ச சேட்டிபிக்கட்."

என் வாழ்நாளில் வேறு சான்றிதழ் எனக்கு ஒருவரும் தந்ததில்லை. வாங்கிக்கொண்டேன்.

இடம் பிடித்தது நான். கொழும்பில் ஸ்ரூடியோச் சுவரில் எதிரொலி வராமல் இருக்கப் பஞ்சு ஒட்டுவார்கள் என்று கேள்வி. என்னிடம் பஞ்சு இல்லை, வலை இருந்தது. பேசாலைக் கரையில் வள்ளங்கள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியின் வாடி, வலைகள் வைக்கிற கொட்டகை. கூரை வரைக்கும் பழைய வலையும் புதிய வலையும் தொங்கும். உள்ளே நின்று கைதட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது. இதைவிட நல்ல ஸ்ரூடியோ இலங்கையில் இருந்தால் காட்டுங்கள். கருவாட்டு மணம் பதிவில் விழாது. நேரம் காலை ஆறரை, சோளகம் எழும்புவதற்கு முன். மகள் வாங்கித் தந்த சின்னப் பதிவுக் கருவி, இரண்டு மைக். மண்டபத்துக்குப் போய்வந்த அந்தப் பழைய மைக்கை மாஸ்ரரின் கிற்றாருக்கு வைத்தேன்.

பிலோமினா ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு பாட்டு ஒருக்காத்தான் அண்ணை. ரெண்டாந்தரம் பாடத் தொண்டை விடாது."

இரண்டு காலையில் ஆறு பாட்டு எடுத்தோம். அவற்றைப் பற்றி எழுத மாட்டேன், கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் காலை ஏழாவது பாட்டு. அவளே கட்டியது, தமிழில். இந்தியாவுக்குப் போய்வந்த கப்பல் நின்றுபோன பிறகும் தலைமன்னார்ப் பியருக்கு ஒவ்வொரு நாளும் போய் நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றியது. அந்தப் பெண் யாரைப் பார்த்து நிற்கிறாள் என்று பாட்டில் எங்கேயும் இல்லை. அன்று அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. மறுநாள் விடியக் கொழும்புக்குப் பயணம். இதை விட்டால் வேறு நாள் இல்லை.

பாட்டுத் தொடங்கி இரண்டு வரி போயிருக்கும். பக்கத்து வாடிக்கு மீன் பெட்டி ஏற்ற ஒரு இரண்டு சில்லு ட்ராக்டர் வந்தது, எங்கள் பேச்சில் 'மெசின்'. வந்து, எங்கள் தகரச் சுவருக்கு வெளியே நின்றது. நிறுத்தவில்லை. டொக், டொக், டொக் என்று சும்மா நின்று அடித்தது. பதிவுக் கருவியில் அதன் சத்தம் விளக்காக ஏறி இறங்குகிறது.

மாஸ்ரர் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். 'நிப்பாட்டவோ' என்று கண்ணால் கேட்டார். நான் பாதி எழும்பிவிட்டேன். வெளியே போய் அந்த ட்ராக்டர்காரனை நாலு வார்த்தை கேட்டால் நிறுத்துவான். ஆனால் தகரக் கதவைத் திறந்தால் அது கிரீச்சிடும், அதோடு பாட்டு முடிந்தது. மறுபடி தொடங்கினால் தொண்டை வருமா தெரியாது. தொடங்காமல் விட்டால் ட்ராக்டரோடு ஒரு பாட்டு. எனக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு வரி பாடுகிற நேரம்.

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்து தகரச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. சிரித்தாள். ஒரு வரியைப் பாடாமல் விட்டாள். டொக், டொக் மட்டும் கேட்டது. பிறகு அந்த டொக் விழுந்து தாழும் இடம் பார்த்து, அடுத்த சொல்லை அதற்குப் பின்னால் வைத்தாள்.

ஓலைத்தொடுவாய் மனிசி வள்ளத்தில் ஏறினாள்.

மாஸ்ரர் தலையை ஆட்டிக் கிற்றாரை அந்த அடிக்கு மாற்றினார். பிலோமினாவுக்கு அத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு மேளக்காரன் கிடைத்திருந்தான். குரலை இன்னும் தாழ்த்தினாள். ஐந்து விளக்கு எரிந்த இடத்தில் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. அந்த ஒன்றும் நடுங்குகிறது. பதிவில் விழாமல் போய்விடும் என்று என் தொழில் அறிவு முழுதும் கத்துகிறது. என் வலது கை தானாகப் போய்க் குமிழைப் பிடித்துவிட்டது. கொஞ்சம் திருகினால் போதும். திருகினால் குரலோடு ட்ராக்டரும் ஏறும், காற்றும் ஏறும், அவள் தாழ்ந்து போன இடம் தாழ்வாக இராது.

கடல்ல ஆர் ஐசே இருக்கினம்?

கையை எடுத்தேன். எடுத்த கை திரும்பப் போகப் பார்த்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தேன். அறுபத்தேழு வயதில், ஒரு மீன் பெட்டிக்கு மேல், அப்படி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஏற்றி முடிந்திருக்க வேண்டும். ட்ராக்டர் கியர் போட்டு நகர்ந்தது. டொக் டொக் தூரமானது. பாட்டின் கடைசி வரியில் ஒரு சொல் பாக்கி. பிலோமினா காத்தாள். ட்ராக்டர் மணல் மேட்டைத் தாண்டி, சத்தம் முழுதாகப் போய், வலைகளுக்குள் ஒன்றுமே இல்லாமல் ஆன பிறகு, அந்தக் கடைசிச் சொல்லை இறக்கி வைத்தாள். போன கப்பலுக்குப் பின்னால் நிற்கிற பெண் எப்படி நிற்பாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாஸ்ரர் கிற்றாரைக் கீழே வைத்து, "அந்த மெசின்காரனைத் தேடிப் பிடிச்சு ஒரு தேத்தண்ணி குடுக்க வேணும்" என்றார்.

பிலோமினா கழுத்தைத் தடவிக்கொண்டு, "விழுந்ததோ அண்ணை?" என்று கேட்டாள்.

"விழுந்தது" என்றேன்.

"ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

"ஒண்டும் செய்யேல்லை."

"ம்" என்றாள். அந்த 'ம்'முக்குப் பிறகு அந்தப் பெருநாளைப் பற்றி நாங்கள் கதைக்க வேண்டியிருக்கவில்லை.

வெட்டினார்கள். டொக்டர் நிலத்தைப் பார்த்தது சரிதான். இப்போது பேசுகிறாள், மெல்லிய குரல். அடிக்குரல் இல்லை. பூசையில் பாட்டு வரும்போது வாயை மட்டும் அசைப்பாள்.

ஏழு பாட்டையும் உங்களிடம் கொடுத்தது என் மகள், நல்ல எண்ணத்தில். நீங்களும் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், அது எனக்குத் தெரியும். அந்தக் கம்பியூட்டர் வேலை எனக்கு வராது. ட்ராக்டரை ஒரு டொக் கூட மிஞ்சாமல் எடுத்திருக்கிறீர்கள். குரலைக் கிட்டக் கொண்டுவந்து, தாழ்ந்த இடத்தையெல்லாம் ஒரே மட்டத்துக்கு உயர்த்தி, மேலே எக்கோவும் பூசியிருக்கிறீர்கள். நான் பெருநாளில் ஹோர்னால் செய்ததை நீங்கள் துப்புரவாகச் செய்திருக்கிறீர்கள். கீழே ஆட்கள் எழுதியிருப்பதை மகள் வாசித்துக் காட்டினாள். 'நல்ல குரல், தாளம்தான் வராது' என்று ஒருவர். அந்த வசனத்தை இந்தத் தீவில் முதலில் சொன்னவன் நான். திரும்பி வந்து என் காதில் விழுகிறது, அதுவும் மிச்சமிருக்கிற காதில்.

அலையை எடுத்துவிட்டால் ஏறுகிறவள் எதற்காகக் காத்து நிற்கிறாள்? சும்மா நிற்பது போலத்தானே தெரியும்?

போன கிழமை பிலோமினாவின் தையல் கடையில் யாரோ கைத்தொலைபேசியில் உங்கள் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். நானும் இருந்தேன். முழுதாகக் கேட்டாள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் வருகிற அந்த வெறுமையில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மெசின்காரன் எங்க அண்ணை? என்னைத் தனிய விட்டிட்டு எங்க போயிட்டான்?"

கேட்டுவிட்டுத் தையல் மெசினை மிதிக்கத் தொடங்கினாள். இனிப் பாடிக் காட்டித் திருத்த அவளுக்கு வழியில்லை. உங்களுக்குத்தான் வழி இருக்கிறது.

முதல் பதிவு அப்படியே என்னிடம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கிறது. வந்து வாங்கிக்கொண்டு போங்கள். ட்ராக்டரைத் திரும்பப் போடுங்கள். எக்கோவை எடுங்கள். ஒரு விளக்கு மட்டும் எரிகிற இடத்தில் ஒன்று மட்டுமே எரியட்டும். கேட்கவில்லை என்கிறவன் கிட்ட வந்து கேட்கட்டும்.

இன்னொன்று. பாட்டுக்குக் கீழே 'ஒலிச் சீரமைப்பு' என்று உங்கள் மூன்று பேருடைய பெயரும் தடித்த எழுத்தில் இருக்கிறது. 'ஒலிப்பதிவு' என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று போட்டிருக்கிறீர்கள். தெரியவில்லையா? பாலத்தில் இருந்து பியர் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தெரியுமா தெரியாதா என்று. இப்படிப் போடுங்கள்: பாட்டு, பிலோமினா. கிற்றார், அருளப்பு மாஸ்ரர். தாளம், அந்த ட்ராக்டர்காரன். அவன் பெயரை விசாரித்து வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன். ஒலிப்பதிவு, சவரிமுத்து. அது நான். அதோடு விடவேண்டாம். 'கடைசிப் பாட்டில் குமிழில் இருந்து கையை எடுத்தவர்' என்றும் சேர்த்துப் போடுங்கள். புகை வந்தபோது கையை எடுக்காமல் இருந்தது அவ்வளவு கஷ்டமில்லை. இதுதான் கஷ்டம். அதைச் செய்தவன் நான்தான், வேறு ஒருவருமில்லை.